ஐயத்திற்குரிய மக்கள்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஆண்டு விழாவிற் பேசுவோர் சமயப் பொருளையோ இலக்கியப் பொருளையோ எடுத்துக்கொள்வது வழமை. செயலாளர் எம்மிடம் வந்து, "கம்பஸிலை படிக்கிறியள், ஏதும் புதிசாய்ச் சொல்லுங்கோ" என்று கேட்டார். ஓர் அரசு தன் குடிகளில் ஒரு பகுதியினரை ஆபத்தானவர்கள் என்று எவ்வாறு வகுக்கிறது என்பதைப் பற்றிப் பேசுவோம் என்றோம். அவர் முகம் சற்று வாடியது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "கோயிலடியிலை இது வேணுமோ தம்பி?" என்றார். சிலப்பதிகாரத்திலிருந்து தொடங்குகிறோம் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தோம். ஆதலால் அங்கிருந்தே தொடங்குகிறோம்.

மதுரையில் அரசியின் சிலம்பைக் களவாடியவன் பொற்கொல்லன். அகப்பட்டவன் கோவலன். இது யாவரும் அறிந்த கதை. ஆனால் கொலைக்களக் காதையில் ஓர் இடத்தை நாம் வகுப்பிற் படிக்கும்போது வேகமாகத் தாண்டிவிடுகிறோம். அரசன் அனுப்பிய காவலர் கோவலனைக் கண்டவுடன் வெட்டவில்லை. இவனைப் பார்த்தால் கொல்லத்தக்க கள்வனாகத் தெரியவில்லையே என்று தயங்கினார்கள். அந்தத் தயக்கம் இன்னும் சிறிது நீண்டிருந்தால் ஓர் உயிர் தப்பியிருக்கும். அப்பொழுது பொற்கொல்லன் என்ன செய்தான்? கோவலனைப் பற்றி அவன் எதையும் நிரூபிக்கவில்லை. கள்வர்களைப் பற்றிப் பேசினான். களவுக்கு நூல் உண்டு, கள்வருக்கு மந்திரம் முதலாக எட்டுத் துணைகள் உண்டு, அவர்கள் கண்ணுக்குப் புலப்படாமலும் நிற்பார்கள், முன்னொருநாள் ஒருவன் தூதன் கோலத்தில் வாயிலில் இருந்து, இரவிற் பெண் கோலத்தில் உள்ளே புகுந்து இளவரசனின் ஆரத்தைக் கவர்ந்தான் என்று ஒரு விரிவுரையே நிகழ்த்தினான். விரிவுரை முடிந்தபோது கோவலனுடைய நல்ல முகமே அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. கள்வன் போலத் தோன்றவில்லையா? அப்படியானால் கைதேர்ந்த கள்வன். கல்வியறிவில்லாத ஒரு காவலன் வாளை வீசினான்.

இளங்கோவடிகளின் பெயரையே கேள்விப்பட்டிராத ஓர் அமெரிக்கச் சேனாதிபதி, 1942ஆம் ஆண்டில் இதே விரிவுரையைக் கடிதத்தில் எழுதினார். 1941 டிசம்பரில் யப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியதும், அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த யப்பானிய வமிசத்தவர் மீது ஐயம் எழுந்தது. அவர்கள் நாசவேலை செய்ததற்குச் சான்று இல்லை. அக்கரையின் பாதுகாப்புக்குப் பொறுப்பாயிருந்த ஜெனரல் டிவிற், இதுவரை நாசவேலை நடவாமையே இனி நடக்கப்போகிறது என்பதற்கு அறிகுறி என மேலிடத்துக்கு எழுதினார். 1942 பெப்ரவரி 19இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ற் 9066ஆம் இலக்கக் கட்டளையிற் கையொப்பமிட, ஏறக்குறைய 120,000 பேர் வீடு, கடை, தோட்டம் யாவற்றையும் விட்டு முட்கம்பி வேலிக்குள்ளே போனார்கள். அவர்களில் மூன்றிலிரண்டு பங்கினர் அந்த மண்ணிற் பிறந்த பிரசைகள். குண்டு விழுந்த ஹவாய்த் தீவிலோ, சனத்தொகையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் யப்பானிய வமிசத்தவராயிருந்தும், அவர்களை மொத்தமாக அடைக்கவில்லை. அடைத்தால் தோட்டத்திலும் துறைமுகத்திலும் வேலை செய்ய ஆளில்லை. ஆபத்தின் அளவைக்கொண்டு மக்களை வகுத்தார்களென்றால் நேர்மாறாகவன்றோ நடந்திருக்கவேண்டும்? 1988இலேதான் அமெரிக்கக் காங்கிரஸ் மன்னிப்புக் கேட்டு, அன்று உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் வழங்கச் சட்டமியற்றியது. அதற்கிடையில் 46 ஆண்டுகள் கழிந்துவிட்டன.

நாம் மிஷன் பள்ளிக்கூடத்திற் படித்தவர்கள். எகிப்தின் பார்வோன், இஸ்ரவேலர் பெருகுகிறார்கள், யுத்தம் வந்தாற் பகைவருடன் சேர்ந்துவிடுவார்கள் என்று அஞ்சி அவர்களுடைய ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன கதையை வேதாகம வகுப்பிற் கேட்டோம். அன்று மாலை வீட்டில் அதைச் சொன்னபோது, "இது எங்கடை கம்சன்ரை கதையெல்லோ" என்றார் அம்மம்மா. இரண்டும் ஒன்றுதான் என்று அப்போது நினைத்தோம். கம்சன் கதையில் ஒரு நுட்பம் இருப்பது பின்னர்தான் விளங்கியது. கம்சனுக்குப் பகை ஒரேயொரு குழந்தை. அது எங்கே வளர்கிறது என்று அவனுக்குத் தெரியாது. ஆகையால் அண்மையிற் பிறந்த குழந்தைகள் எல்லாவற்றையும் கொன்றுவிடலாம் என்று மந்திரிமார் யோசனை சொன்னார்கள். ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபோது, ஆளின் வயதையும் ஊரையும் இனத்தையும் பிடித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொருவராக விசாரிப்பது செலவு மிகுந்த வேலை, காலம் பிடிக்கும், தவறினால் அதிகாரி பொறுப்புச் சொல்லவேண்டும். ஒரு வகுப்பையே குறித்து வைத்துக்கொண்டால் வேலை மலிவு. சாவடியில் நிற்கும் பத்தொன்பது வயதுச் சிப்பாய்க்கும் அது விளங்கும்.

வெள்ளையர் ஆட்சி இதனைச் சட்டமாகவே எழுதிற்று. 1871இல் இந்தியாவிற் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911இலிருந்து சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. தாயின் வயிற்றிலேயே குற்றவாளி என்று முடிவு. கைரேகை பதிய மறுத்த பிரமலைக் கள்ளர் மீது, 1920 ஏப்ரல் 3இல் மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரிற் பொலிஸார் சுட்டதில் 16 பேர் இறந்தனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது 1947இல்.

எமது நாட்டில் இந்த வேலைக்கு உதவிய ஒரு பொருள் எல்லோருடைய சட்டைப்பையிலும் இருந்தது. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ், 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டது. அட்டையில் இனம் எழுதப்படவில்லை. ஆனால் வடக்குக் கிழக்கில் வழங்கிய அட்டையிற் சிங்களத்தோடு தமிழும் இருந்தது. ஏனைய இடங்களில் வழங்கியதிற் சிங்களம் மட்டும். தமிழனுக்கு வசதியாக இட்ட எழுத்து, யுத்த காலத்திற் கொழும்புச் சாவடியில் வேறொன்றாகிவிட்டது. சிப்பாய் பெயரை வாசித்துப் பார்க்கவும் வேண்டியதில்லை. இரண்டு மொழி தெரிந்தால் ஆள் ஒரு பக்கம் நிற்கவேண்டியதுதான். பின்புறத்திற் பிறந்த இடம் கிளிநொச்சி, முல்லைத்தீவு என்றிருந்தால் இன்னும் சிறிது நேரம். 2014இலிருந்து நாடு முழுவதற்கும் இருமொழி அட்டை வழங்கத் தொடங்கினார்கள். எமக்குக் கிடைத்தது அதற்குப் பிந்தியது. ஆயினும் பஸ் ஓமந்தையை அணுகும்போது அப்பாவின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போவதை நாம் இன்றும் காண்கிறோம்.

அட்டை போதாதென்று பாஸ் வந்தது. 1996இற் கிளிநொச்சி நகர் இராணுவத்தின் கைக்குப் போக, சனம் ஸ்கந்தபுரத்துக்கும் அக்கராயனுக்கும் ஓடிவந்து மரத்தடியில் ஊர் அமைத்த காலத்தை இங்குள்ள பெரியோர்களே எமக்குச் சொல்லித்தரவேண்டும். அங்கிருந்து வவுனியாவுக்குப் போனவர்கள் நலன்புரி நிலையங்களில் தங்கவைக்கப்பட்டார்கள். ஒரு நாட் பாஸ், ஒரு கிழமைப் பாஸ், ஒரு மாதப் பாஸ் என்று துண்டுகள் வழங்கப்பட்டன. முடியுமுன் திரும்பிப் போய்ப் புதுப்பிக்கவேண்டும். தாயின் செத்தவீட்டுக்குப் போகவும் பாஸ். கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போகவும் பாஸ். இப்படி ஆண்டுக்கணக்காக. சிதம்பரபுரம் முகாமிலிருந்த ஒருவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2002இல் தீர்ப்பு வந்தது. இந்தப் பாஸ் முறைக்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை, பிரசையின் நடமாடும் சுதந்திரத்தை இது மீறுகிறது என்றது நீதிமன்றம்.

அவையோரே, இதனைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். எத்தனையோ ஆயிரம் பேர் வெயிலில் நின்ற அந்த வரிசைக்குப் பின்னால் ஒரு சட்டமும் இருக்கவில்லை. ஒரு மேசை, ஒரு றப்பர் முத்திரை, ஒரு கொப்பி, அவ்வளவே இருந்தன. வரிசையில் நின்றவர்களும், மேசைக்குப் பின்னால் இருந்தவர்களும் ஏதோ சட்டம் இருக்கிறதென்றே நம்பியிருப்பார்கள்.

பக்கம் பாராமற் சொல்வதானால் மற்றப் பக்கத்திலும் பாஸ் இருந்தது. வன்னியை விட்டு வெளியேற விடுதலைப் புலிகளின் அனுமதி வேண்டும். பிணை நிற்க ஓர் ஆள் வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்தாற் புலியோ என்ற ஐயம். இங்கே போகக் கேட்டால் ஓடிவிடுவானோ, காட்டிக்கொடுப்பானோ என்ற ஐயம். ஒரே மனிதன் ஒரே நாளில் இரண்டு அரசுக்கும் ஆபத்தானவனாயிருந்தான்.

மனிதர் மட்டுமன்றிப் பொருள்களும் ஐயத்திற்குள்ளாயின. யூரியா, சீமெந்து, பற்றரி, டீசல் யாவும் 2002 வரையிற் தடைக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டிருந்தன. யூரியாவில் வெடிமருந்து செய்யலாம் என்பது உண்மை. அக்கராயன்குளத்தின் கீழ் வயல் செய்தவனுக்கு அது உரம் என்பதும் உண்மைதான். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டதையும், ஜாம் போத்தலிற் திரி போட்டுப் பரீட்சைக்குப் படித்ததையும் எம் தாய்தந்தையர் இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள்.

கொழும்பில் இருந்தவர்களின் பயம் பொய்யென்று நாம் சொல்ல வரவில்லை. 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கியில் வெடித்த குண்டுக்கு ஏறக்குறைய 90 பேர் பலியானார்கள். அதே ஆண்டு யூலையிற் தெஹிவளையிற் புகையிரதத்திற் குண்டு வெடித்தது. கந்தோருக்குப் போய் வந்த சாதாரண சனங்கள் அவர்கள். அவர்களுடைய வீடுகளிலும் எம் வீடுகளில் அழுததைப்போலவே அழுதிருப்பார்கள். ஆனால் அந்தப் பயத்தைக்கொண்டு செய்யப்பட்டதைப் பார்ப்போம். 2007 யூன் 7ஆம் திகதி விடியற்காலையிற் கொழும்பு விடுதிகளிற் தங்கியிருந்த தமிழர் 376 பேரை, தக்க காரணமின்றித் தங்கியிருக்கிறார்கள் என்று பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பினார்கள். அவர்களுள் உண்மையிலேயே குண்டுக்காரன் ஒருவன் இருந்தானானால் அவனை நீதிமன்றுக்கன்றோ கொண்டுபோயிருக்கவேண்டும்? வவுனியாவுக்கு அனுப்பியதிலிருந்தே, அவர்கள் மீது குற்றச்சாட்டு எதுவும் இல்லையென்பது தெளிவு. மறுநாளே உயர் நீதிமன்றம் அதனை நிறுத்தும்படி கட்டளையிட்டது. பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்.

தமிழருக்கு மட்டும் உரிய கதையுமன்று இது. 1971 ஏப்ரற் கிளர்ச்சிக்குப் பின்னர், தென்னிலங்கைக் கிராமங்களில் வாலிபனாயிருப்பதே ஐயத்திற்குப் போதுமானதாயிருந்தது. 1987 முதல் 1989 வரை மீண்டும் அப்படியே. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் மூன்று ஆண்டுக்கென்று பிறந்தது, 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. வழக்கின்றித் தடுத்துவைக்கும் காலம் 18 மாதமாயிருந்ததை 2022இல் 12 மாதமாகக் குறைத்தார்கள். மூன்று வயதில் இறந்திருக்கவேண்டிய சட்டத்துக்கு நாற்பதைத் தாண்டிய பின்னர் திருத்தம்.

இன்னொன்றையும் இங்கே தவிர்க்க முடியாது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளரில் ஏறக்குறைய 700,000 பேரை நாடற்றவராக்கிற்று. 1952 முதல் இராணுவம் கடற்கரையிற் கள்ளக் குடியேற்றக்காரரைத் தேடும் வேலையில் ஈடுபட்டது. 1963இல் அதற்கெனத் தனிப் படையே அமைந்தது. "கள்ளத்தோணி" என்ற சொல் தோணியில் வந்தவனை விட்டு, இந்நாட்டிற் பிறந்தவனின் பேரப்பிள்ளையிலும் ஒட்டிக்கொண்டது. 1958இலும் 1977இலும் அடிபட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டியவர்களின் பிள்ளைகள் இப்பந்தலிலும் இருக்கிறார்கள். அந்தச் சொல்லை அவர்கள் சிங்களவரிடமிருந்து மட்டுமா கேட்டார்கள்? பெரியோர்கள் மன்னிக்கவேண்டும்; கேட்காமல் இருக்க முடியவில்லை.

2009க்கு வருவோம். வன்னியிலிருந்து வெளிவந்த ஏறக்குறைய 280,000 பேர் முகாம்களில் அடைபட்டார்கள். பெரும்பகுதியினர் செட்டிகுளத்து மெனிக் பாமில். எங்களிற் பலர் அப்போது முதலாம் வகுப்புக்குப் போகவேண்டிய பிள்ளைகள். இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்ற பெயர்களை நாம் முதன்முதற் கேட்டது சரித்திர பாடத்தில் அன்று; தண்ணீர் பவுசருக்கு நின்ற வரிசையில். அவை வலயங்களின் பெயர்கள். வெளியே போய்வர அனுமதி கிடைத்தது அவ்வாண்டு டிசம்பர் 1இல்; முகாம் மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில். ஆறு வயதுப் பிள்ளையும் எண்பது வயதுக் கிழவியும் கம்பிக்குள்ளே இருந்ததற்கு, புலிகள் இருந்த நிலத்திலிருந்து வந்தார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் பெயர் கொடுக்கவேண்டும் என்று ஒலிபெருக்கியிற் சொன்னார்கள். இருபது வருடம் இருந்தவரும், கடைசி மாதங்களிற் பள்ளிச் சீருடையோடு பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளையும் ஒரே கொப்பியிற் பதியப்பட்டார்கள். ஏறக்குறைய 12,000 பேர் புனர்வாழ்வு முகாம்களுக்குப் போய் வந்தார்கள். கையளித்த பிள்ளைகள் திரும்பி வராத தாய்மார், 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியிற் குந்தியிருந்து கேட்கத் தொடங்கினார்கள்.

இதுவரை சொன்னதைக் கேட்டுத் தலையசைத்தவர்கள், இனிச் சொல்வதையும் பொறுத்துக் கேட்கவேண்டும். 1990 ஒக்ரோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்திற் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். நாச்சிக்குடாவிலிருந்தும் நீராவிப்பிட்டியிலிருந்தும் போனார்கள். நம்மோடு ஒரே சந்தையில் மீன் விற்றவர்கள், ஒரே பாடசாலையிற் படித்தவர்கள். கிழக்கில் யாரோ செய்ததற்காக, இங்கிருப்பவர்கள் உளவாளிகளாயிருக்கலாம் என்ற ஐயத்தின் பேரில் ஒரு சமூகம் முழுவதும் ஆபத்து என்று எழுதப்பட்டது. அவர்களில் ஒவ்வொருவரையும் யாராவது விசாரித்தார்களா? பொற்கொல்லனின் விரிவுரை இம்முறை தமிழிலேயே நிகழ்ந்தது. 2002 ஏப்ரலிற் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் அது தவறென்று ஏற்றுக்கொண்டார். புத்தளத்திற் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அப்போது பதினொரு வயது.

2019 ஏப்ரல் 21இன் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலில் 250க்கு மேற்பட்டோர் இறந்தனர். அதன் பின்னர் முஸ்லிம்கள் மீது ஐயம் திரும்பிற்று. சட்டையில் இருந்த கப்பற் சுக்கானின் படத்தைத் தர்மசக்கரம் என்று எண்ணி ஒரு பெண்ணைக் கைதுசெய்த வேடிக்கையும் நடந்தது. அந்த நாட்களில் இந்தச் சந்தித் தேநீர்க் கடையில், "இனி அவையின்ரை முறை" என்று ஒருவர் சொல்ல, சிலர் சிரித்ததைக் கேட்டோம். நாம் அப்போது பள்ளி மாணவர். சிரிக்கவில்லை, ஆனால் எழுந்தும் போகவில்லை.

இனி எமது மன்றத்துக்கு வருகிறோம். சென்ற ஆண்டு நிர்வாகசபைத் தெரிவின்போது, பொருளாளர் பதவிக்கு ஓர் அண்ணரின் பெயரை ஒருவர் சொன்னார். அவரிடம் அனுமதி பெற்றே இதைப் பேசுகிறோம். கணக்கிற் கெட்டிக்காரர். 2009இல் அவருக்கு வயது பதினேழு. கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்பட்டவர். பின்னர் புனர்வாழ்வு முகாமில் இருந்து வந்தவர். பெயர் வந்தவுடன், "அவர் வேண்டாம், பிறகு விசாரிக்க வருவினம், மன்றத்துக்கு ஏன் வீண் கரைச்சல்" என்று ஒரு குரல் எழுந்தது. பலர் தலையாட்டினார்கள். அவருடைய கணக்கைப் பற்றியோ குணத்தைப் பற்றியோ எவரும் பேசவில்லை. நாமும் அக்கூட்டத்தில் இருந்தோம்; வாய் திறக்கவில்லை. விசாரிக்க வருவார்கள் என்ற பயம் பொய்யென்று சொல்லமாட்டோம்; வந்தும் இருக்கிறார்கள். ஆனால் அவர் மீது அரசாங்கம் ஒரு வழக்கும் வைத்திருக்கவில்லை. அவரைப் பதவிக்கு ஆகாதவர் என்று விலக்கியது இராணுவமும் அன்று, பொலிஸும் அன்று. அவர் அன்று கதவோரத்தில் நின்றார். கூட்டம் முடிந்ததும் கதிரைகளை அடுக்கிவைத்துவிட்டுப் போனார்.

இன்று விழா நிகழ்ச்சிகள் முடிந்தபின் பொதுக்கூட்டம் நடைபெறவிருக்கிறது. பொருளாளர் பதவிக்கு அவருடைய பெயரை நாம் பிரேரிக்கிறோம். ஆமோதிப்பதற்கு உங்களில் ஒருவர் வேண்டும்.